நாலாவது காம்பு

மாட்டு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, மணி என்ன ஆச்சு என்று கேட்பதுபோலத்தான் அதைக் கேட்டார்.

“இந்த மாட்டுப் பாலைக் காய்ச்சாம யாராவது குடிச்சீங்களா?”

அண்ணி சிரித்துவிட்டாள். விடிந்ததிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாள்.

“நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த வீட்டுல காய்ச்சின பாலுக்கே வழியக் காணோம், இதுல காய்ச்சாத பால் வேறயா? மூணு மாட்டைக் கட்டி வச்சுக்கிட்டு வெறும் டீத்தண்ணி குடிக்கிற குடும்பம் சார் இது. எல்லாம் பால் வண்டிக்குத்தான் போகுது.”

கொட்டகை வாசலில் தண்ணீர் வாளியோடு நின்றிருந்த தம்பி மனைவிக்குக் கை நழுவியது. வாளி தரையில் உட்கார்ந்துவிட்டது. பாதித் தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது. அண்ணி திரும்பி, “பாத்து நில்லும்மா, வயித்தைத் தள்ளிக்கிட்டு” என்றாள்.

காலையில் வெள்ளைமூக்கி கன்றை வீசிவிட்டாள். ஆறு மாதக் கரு. ரோமம் முளைக்காத, ஈரப் பைபோன்ற ஒன்று வைக்கோலில் கிடந்தது. வீட்டில் மூன்று மாடுகளில் அதிகம் கறப்பவள் அவள்தான். அண்ணிக்கு அந்த மாட்டின்மேல் உயிர். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியதைப் பார்த்துப் பொறுக்காமல், வெறுங்கையை முழங்கைவரை விட்டு அண்ணியே எடுத்துப்போட்டிருந்தாள். அதற்காக டாக்டரிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

“கன்று வீச்சு நோயா இருக்கலாம்னு சந்தேகப்படறேன்” என்றார் அவர், இரத்தக் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு. “முடிவு வரட்டும். அதுவரைக்கும் இதோட பாலை யாருக்கும் குடுக்காதீங்க, வண்டிக்கும் ஊத்தாதீங்க. மனுஷங்களுக்கும் ஒட்டும் இது. விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். மூட்டு மூட்டா வலிக்கும். என்ன வியாதின்னே தெரியாம மாசக்கணக்குல படுத்துக் கிடந்தவங்களப் பாத்திருக்கேன்.” அவர் கண் வாசற்பக்கம் வந்து, அவள் வயிற்றில் நின்றது. “எத்தனை மாசம்மா?”

“அஞ்சு.”

“நீங்க இந்தக் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து. மாட்டுக்கு ஆன மாதிரியே ஆயிடும்.”

அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே, பாயில், அவளுடைய இரண்டு வயது மகள் பட்டாணி படுத்திருந்தாள். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், தலையணை நனைய வியர்க்கும், காலையில் ஒன்றும் தெரியாததுபோல இறங்கிவிடும். மருந்துக்கடையில் கொடுத்த சிரப் இரண்டு பாட்டில் தீர்ந்தது. முந்தாநாளிலிருந்து இடது காலை ஊன்றாமல் நொண்டுகிறாள். “செருப்பு கடிச்சிருக்கும்” என்றிருந்தாள் அண்ணி. செருப்பே போடாத குழந்தையைச் செருப்பு எப்படிக் கடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முழங்காலின்மேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது. மற்றக் காலையும் தொட்டுப்பார்த்தாள். அது அவ்வளவு சூடில்லை. கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க இரண்டும் சூடாகவே தெரிந்தன.

இந்த வீட்டில் பாலை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனாலும் யாரும் தொட மாட்டார்கள். பால் என்பது வெளியே போகிற பொருள், வாசலில் போகிற பேருந்தைப்போல. கணவன் லாரியில் மாதத்துக்கு இருபது நாள் வெளியூரில் கிடக்க, மாடுகளைக் கட்டி ஆண்டு குடும்பத்தை ஓட்டுவது அவனுடைய அக்கா. புருஷன் செத்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, ஒரு கன்றுக்குட்டியில் தொடங்கியவள். கேனில் பால் விழுகிற சத்தத்தை வைத்தே, “ஒரு டம்ளர் குறையுதே இன்னைக்கு” என்பாள். கொடுக்கமாட்டேன் என்று அண்ணி ஒருநாளும் சொன்னதில்லை. இவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நர்ஸ் பட்டாணியின் மேல்கையில், சத்துக் குறைவை அளக்கிற ஒரு வண்ண நாடாவைச் சுற்றினாள். அம்பு மஞ்சளில் நின்றது. “சிவப்புக்கு ரெண்டு நூல்தான் பாக்கி” என்றாள் நர்ஸ், எல்லோருக்கும் கேட்க. “அடுத்தது வயித்துல தங்கினதும் தாய்ப்பாலை நிறுத்திட்டீங்க. சரி. வேற என்ன குடுக்கறீங்க? சோறும் ரசத்தண்ணியுமா? பால் குடுங்கம்மா, முட்டை குடுங்க. உங்க வீட்டுல மாடு இருக்கில்ல?” வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடில்லாதவர்கள் பார்த்த பார்வைதான் அதிகம் சுட்டது. “நீங்களும் குடிங்க” என்று நர்ஸ் பின்னாலிருந்து சேர்த்துச் சொன்னதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இவள் கவனித்தாள்.

வெள்ளைமூக்கிக்கு நான்கு காம்பு. மூன்றைக் கேனில் கறப்பார்கள். நாலாவதைக் கன்றுக்கு விடுவார்கள். அண்ணி வைத்த சட்டம் அது. வளர்ந்த கிடேரிக் கன்றானாலும் அடுத்தது பிறக்கும்வரை அதற்கு ஒரு காம்பு உண்டு. “அதும் புள்ளைதானே” என்பாள். காலையில் அண்ணி மற்ற இரண்டு மாடுகளைக் கறக்கும்போது, இவள் வெள்ளைமூக்கியைக் கறப்பாள். நாலாவது காம்பிலிருந்து எடுத்தால் கேனில் சத்தம் குறையாது. கன்று மட்டும் வந்து முட்டி முட்டிப் பார்க்கும்.

டம்ளரை முந்தானையில் மறைத்து எடுத்துவந்து குழந்தையின் வாயில் வைப்பாள். காய்ச்சவில்லை. காய்ச்ச எப்படி முடியும்? அடுப்பில் பால் பொங்குகிற வாசனை தெருமுனை வரை போகும், அண்ணியின் மூக்கைத் தாண்டுமா? தவிர, காம்புச் சூட்டோடு குடித்தால்தான் உடம்பில் ஒட்டும் என்று ஒரு எண்ணம் அவளுக்குள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தது. திருட்டுக்கு அது ஒரு நல்ல பெயர் கொடுத்தது. குழந்தையின் மேலுதட்டில் வெள்ளைக் கோடு படிவதைப் பார்த்து எத்தனை காலை அவள் மனசு குளிர்ந்து நின்றிருக்கிறாள்!

அந்த ஒவ்வொரு காலையும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்து எதிரில் நின்றது.

கணவனுக்குப் போன் போட்டாள். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் அவன் கத்தினான்.

“என்ன, காய்ச்சல் இன்னும் விடலையா? பல்லு முளைக்குதோ என்னவோ!”

“முளைக்க வேண்டியது எல்லாம் முளைச்சாச்சுங்க. இப்ப கடிக்கத்தான் செய்யறா.”

“அப்ப அப்பன் மாதிரி” என்று சிரித்தான். “அக்காவைக் கேளு, அக்கா பாத்துக்கும். வெள்ளைமூக்கி கன்னு வீசிட்டாமே, பாவம், அக்கா எப்படி இருக்கு? சாப்பிட்டுச்சா?”

“ஒரு விஷயம் சொல்லணும்” என்றாள்.

“என்ன?”

லாரி எதையோ முந்திக்கொண்டு போனது. ஹாரன் நீளமாக அடித்தது. “ஒண்ணுமில்ல, பாத்து ஓட்டுங்க” என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் பூராவும் அவள் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது அசைய ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. மீன் திரும்புவதுபோல ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். காலையிலிருந்து அது வந்ததா? வந்திருக்கும், வேலையில் தெரிந்திருக்காது. சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வைக்கோலில் கிடந்த ஈரப் பை கண்ணுக்குள் வந்தது. சட்டென்று எழுந்து, எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, காய்ந்த துணிகளை மறுபடியும் உதறி மடித்தாள்.

அண்ணியும் அன்றைக்கு அண்ணியாக இல்லை. சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதும், முழங்கைவரை தேய்ப்பதும், வந்து உட்காருவதும், மறுபடி எழுந்து போவதுமாக இருந்தாள். வழக்கமாகப் பட்டாணிக்குச் சோறு ஊட்டுவது அவள்தான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மாட்டின் பெயர் சொல்லி ஊட்டுவாள். அன்று தட்டை இவள் பக்கம் தள்ளி, “நீயே ஊட்டு” என்றாள். குழந்தை “அத்தே” என்று கையை நீட்டியபோது ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

தெரிந்துவிட்டது, என்று நினைத்தாள் இவள். அண்ணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சொல்லாமல் வைத்திருக்கிறாள். என் வாயிலிருந்தே வரட்டும் என்று பார்க்கிறாள்.

மறுநாள் காலை, மாடுகளுக்குத் தீவனம் வைத்து முடித்ததும், அண்ணி தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

“கிளம்பு. புள்ளையத் தூக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“நான் மட்டும் போய்ட்டு வரேனே அண்ணி. மாட்டை யாரு பாக்கறது?”

“மாடு ஒரு நாள் பட்டினி கிடந்தா செத்துடாது” என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து இவள் கேட்டதே இல்லை.

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு. தனியாக டாக்டரைப் பார்க்க இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும், சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரியில் வரிசை நகர்ந்து அவர்கள் முறை வரப்போகும்போது, “அண்ணி, பட்டாணிக்குத் தண்ணி வேணுமாம்” என்றாள். அண்ணி பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. பார்த்துப் பார்த்துக் களைத்த கண்கள். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்தார், வயிற்றை அழுத்தினார், காலை மடக்கினார். பட்டாணி வீறிட்டாள்.

“எத்தனை நாளாக் காய்ச்சல்?”

“பதிமூணு நாள்.”

“வீட்டுல வேற யாருக்காவது?”

அவள் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணி ஓரடி முன்னால் வந்தாள்.

“டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லணும். தப்பு என்மேலதான்.” “எங்க மாடு கன்னை வீசிருச்சு. நான் வெறுங்கையால நஞ்சுக்கொடிய எடுத்தேன். கையக் கழுவினேன், ஆனா சரியாக் கழுவினேனான்னு சத்தியமா நினைவில்ல. மாட்டு டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அந்தக் கையாலதான் புள்ளைக்குச் சோறு ஊட்டினேன். மாட்டு டாக்டர் மனுஷங்களுக்கும் ஒட்டும்னாரு. நேத்து பூரா எனக்குச் சோறு இறங்கல. என் கைதான் டாக்டரம்மா, என் கையாலதான் அவளுக்கு வந்திருக்கு.”

இவள் அண்ணியைப் பார்த்தாள். நேற்று முழுக்க இந்த மனுஷி குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

அந்த ஒரு கணத்தில் அவள் மனம் போன போக்கை நினைத்து அவளே பிறகு கூசினாள். இப்படியே விட்டுவிடலாம் என்றது அது. அண்ணியின் கைதான் என்று இருந்துவிட்டுப் போகட்டும். நோய் என்னவென்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, மருந்து கொடுப்பார், குழந்தை பிழைக்கும், யாரும் எதையும் சொல்ல வேண்டாம்.

“கன்னு விழுந்தது எப்போ?” என்று கேட்டார் டாக்டர்.

“நேத்துக் காலைல.”

“நேத்தா? காய்ச்சல் பதிமூணு நாளா இருக்கேம்மா. நேத்து ஊட்டின சோத்துல போன வாரக் காய்ச்சல் எப்படி வரும்?” அவர் அண்ணியின் தோளைத் தட்டினார். “உங்களால இல்ல. ஆனா நீங்க ரத்தம் குடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் பாக்கணும். சரி, அந்த மாட்டுப் பால் எதாவது குழந்தைக்குக் குடுத்தீங்களா? பச்சையா?”

“இல்லீங்க” என்றாள் அண்ணி. நேற்றுச் சிரித்தவள் இன்று தரையைப் பார்த்துச் சொன்னாள். “பாலே குடுக்கறதில்ல நாங்க.”

“அப்ப இது வேற எதாவது காய்ச்சலா இருக்கும். அஞ்சு நாளைக்கு மருந்து எழுதறேன். கால் வலி தானாச் சரியாகுதான்னு பாப்போம்.”

பேனா காகிதத்தில் நகர்ந்தது. அவள் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிந்தது. இரண்டாவது வரி. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார்.

“குடிச்சிருக்கா” என்றாள்.

“என்னம்மா?”

“ரெண்டு மாசமா. தினமும் ஒரு டம்ளர். பச்சையா. அந்த மாட்டோடதுதான்.”

பேனா நின்றது. அண்ணி மெதுவாகத் திரும்பினாள்.

“எந்தப் பாலு?”

“கன்னுக்கு விடற காம்புல அண்ணி.”

“அதான் கன்னு தேறலையா?” என்றாள் அண்ணி. “அதுக்கு மூணு வாட்டி பூச்சி மருந்து ஊத்தினேனேடி நான்!”

டாக்டர் எழுதிய காகிதத்தைக் கிழித்துப்போட்டு வேறொன்றை எடுத்தார். இப்போது அவர் கண்களில் களைப்பு இல்லை. வேகவேகமாக எழுதினார். இரத்தப் பரிசோதனை, காலுக்குப் படம். முடிவு வர நான்கு நாள். இந்த நோய்தான் என்றால் ஆறு வாரம் விடாமல் மருந்து, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. “நல்லவேளை சொன்னீங்க” என்றார். பிறகு, எழுதுவதை நிறுத்தாமல், “நீங்க குடிச்சீங்களா?” என்றார்.

“இல்ல” என்றாள் அவள்.

எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தச் சொல்! குழந்தைக்காகத் திருடினேன் என்று சொல்லும்போது நடுக்கத்தின் அடியில் ஒரு நிமிர்வும் இருந்தது. எந்தத் தாயும் செய்வாள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இது அப்படியில்லை. நாடா மஞ்சளில் நின்ற அந்த நாளுக்கு மறுநாள் காலை, வெள்ளைமூக்கியின் நாலாவது காம்பைப் பிடித்தபோது, அவளுக்குக் குழந்தையின் நினைவு வரவில்லை. பசி. வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு, முந்தின நாள் மிஞ்சிய சோற்றில் எல்லோரும் சாப்பிட்டபின் ஒட்டியதைத் தின்றவளின் பசி. உள்ளங்கையைக் குவித்து, குனிந்து குடித்தாள். ஒன்பது நாள் அப்படித் தனியாகக் குடித்தாள். பத்தாம் நாள்தான் டம்ளர் எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒன்பது நாளை அவள் தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“நல்லது” என்றார் டாக்டர். “நீங்க மட்டும் குடிச்சிருந்தா பெரிய சிக்கல். வயித்துல இருக்கிறது தாங்காது.” காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. வாங்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். கால் அதற்குத்தான் தயாராக இருந்தது. வயிற்றுக்குள் ஏதாவது அசைகிறதா என்று கடைசியாக ஒருமுறை கவனித்தாள். அசையவில்லை.

“குடிச்சேன்” என்றாள். “அவளுக்கு முன்னாடியே. நான்தான் முதல்ல குடிச்சேன்.”

அண்ணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மீதியைச் சொல்லியிருக்க முடியாது. “ஒன்பது நாள் நான் மட்டும் குடிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும். முந்தாநாள் வரைக்கும்.”

டாக்டர் எழுந்து வந்து அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு சின்னக் கருவியை வைத்தார். இரைச்சல் கேட்டது. கருவி நகர்ந்தது. இரைச்சல். இன்னும் கொஞ்சம் கீழே. பட்டாணி அண்ணியின் இடுப்பிலிருந்து, “அம்மா” என்றாள். “சும்மா இரு தங்கம்” என்றாள் அண்ணி, மூச்சுவிடாமல்.

தொலைவில் ஏதோ ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சின்ன, அவசரமான சத்தம்.

“இருக்கு” என்றார் டாக்டர். “இப்போதைக்கு நல்லா இருக்கு. உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். முடிவைப் பாத்துட்டு மருந்து. வாராவாரம் வந்து காட்டணும், புரியுதா?”

புரிந்தது. ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை மட்டும் அவளால் கீழே இறக்கி வைக்க முடியவில்லை.

இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணிக்கு முதலில் எடுத்தாகிவிட்டது. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். பட்டாணி அழுது ஓய்ந்து அண்ணியின் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

“கேட்டிருக்கலாம்ல?” என்றாள் அண்ணி.

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“குடுக்காம?” என்று வேகமாகத் தொடங்கிய அண்ணி, நடுவில் நின்றாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது, பொய் சொல்லாமல் இருக்க யோசிக்கிற யோசனை. “புள்ளைக்குக் குடுத்திருப்பேன்” என்றாள் பிறகு. “உனக்கு…” தலையை அசைத்தாள். “தெரியலடி. நீ பசியோட இருப்பேன்னு எனக்குத் தோணினதே இல்ல.”

தனக்குக் கோபம் வரும் என்று இவள் நினைத்தாள். வரவில்லை. முடிவு வர நான்கு நாள் இருந்தது. இந்த நான்கு நாளை எப்படிக் கடப்பது என்பதற்கு மேல் எதற்கும் உள்ளே இடமில்லை.

கதவு திறந்தது. “அடுத்தது யாரு? வயித்துப் புள்ளைக்காரம்மா, வாங்க” என்றாள் நர்ஸ்.

எழுந்தாள். அண்ணி தூங்குகிற குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கேட்காமலேயே கூட எழுந்தாள். நர்ஸ் அவள் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, “அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றாள். அவள் திரும்பவில்லை. ஊசி இறங்குவதையும், குழாயில் இரத்தம் ஏறுவதையும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.